ஞானக்கா பார்க்காத குளிர்

ஜீப் வந்து நின்றபோது நான் சமையலறைக் கொடியில் கிடந்த துணிகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏற்காட்டில் மார்கழியிலும் தையிலும் துணி காயும் என்பது ஒரு நம்பிக்கைதான். துவைத்து நாலு நாள் ஆன சட்டைகூட, கையை வைத்தால் தவளை முதுகு மாதிரி இருக்கும்.

வாசலுக்கு வந்து பார்த்தேன். பனிமூட்டத்தில் ஜீப்பின் விளக்கு மட்டும் மஞ்சளாகத் தெரிந்தது. அதிலிருந்து ஏழெட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். கிட்டே வந்த பிறகுதான் முகம் தெரிந்தது. நாகலூரில் காப்பி எஸ்டேட்டில் பழம் பறிக்கிறவர்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எங்கள் மாலை வகுப்புக்கு வருகிறவர்கள். வேலை முடிந்த கையோடு வந்திருந்தார்கள். இடுப்பில் கட்டிய சாக்கைக்கூட சிலர் அவிழ்க்கவில்லை. விரலெல்லாம் பழச்சாறு பட்டுக் கறுத்திருந்தது.

முன்னால் வந்தவர் பழனியம்மா. என்னைவிட நாலைந்து வயது சின்னவராக இருப்பார்.

“துக்கம் கேக்க வந்தோமுங்க டீச்சரம்மா. நேத்துத்தானுங்க சேதியே தெரிஞ்சுது.”

“உள்ள வாங்க” என்றேன். ஒருவரும் வரவில்லை. வராந்தாவின் சிமெண்டுத் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். பழனியம்மா என் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தார்.

“ஏனுங்க, அக்கா பேரு என்னங்க?”

“ஞானம்மா.”

“என்னங்க வேல பாத்தாங்க?”

“மலேசியாவுல ரப்பர் தோட்டத்துல பால் வெட்டினா. நாங்க பால்மரம்னு சொல்லுவோம்.”

பழனியம்மா மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். “நம்மளாட்ட எஸ்டேட்டு வேலதான் கண்ணுங்களா.” பிறகு மறுபடி என்னிடம், “எத்தன புள்ளைங்க? ஊட்டுக்காரரு இருக்காருங்களா?”

இரண்டு பையன்கள், மாமா முன்பே போய்விட்டார் என்றேன்.

“கடைசியா எதுக்குங்க ஆசப்பட்டாங்க?”

அந்த ஒரு வாரத்தில் எத்தனையோ பேர் வந்து போயிருந்தார்கள். இதை யாரும் கேட்கவில்லை. நான் சொன்னேன்: “குளிரைப் பாக்கணும்னு ஆசைப்பட்டா. இங்க வரேன்னு சொன்னா. குளிர் போகட்டும், அப்புறம் வான்னு சொல்லிட்டோம்.”

உள்ளே, ஜன்னலுக்குப் பக்கத்தில், என் கணவர் உட்கார்ந்திருந்த பிரம்பு நாற்காலி கிறீச்சிட்டது.

வந்த கதை

சென்ற வாரம் இந்தத் தொடரில், காட்டுமாடு முள்ளங்கிப் பாத்தியில் வந்து நின்ற கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்தேன். இந்த வாரம் அது முடியாது. இதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். இதையும் சொல்லாமல் அந்தக் குளிர்காலங்களைப் பற்றி எழுதுவது சரியில்லை.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒன்று. நானும் என் கணவரும் மலேசியாவில் சுங்கைப்பட்டாணிப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அவர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸர். காயம் கட்டுவது, ஊசி போடுவது, யாரை டவுனுக்கு அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்வது எல்லாம் அவர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசங்கமும் செய்வார். இருவரும் ஓய்வு பெற்று, பிள்ளைகளும் அவரவர் வழியில் போன பிறகு, எங்கள் சபை எங்களை ஏற்காட்டுக்கு இரண்டு வருஷ ஊழியத்துக்கு அனுப்பியது. வெளிநாட்டு மிஷனரி என்றால் வெள்ளைக்காரரை நினைத்திருந்த ஊரில், எங்களைப் பார்த்து முதலில் எல்லோருக்கும் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

சபையின் முதியோர் இல்லத்தில் ஜெபம், எஸ்டேட் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு, வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்ப்பது. இதுதான் எங்கள் வேலை. அவர் பிரஷர் பார்க்கும் கருவியோடு போவதால் ஊரில் அவருக்கு ‘டாக்டரய்யா’ என்று பெயர். “நான் டாக்டர் இல்லம்மா, டிரஸர்” என்று திருத்தித் திருத்தி ஓய்ந்துபோனார்.

அறுபது வயதுக்கு மேல் முதல்முறையாகக் குளிரைப் பார்த்த இரண்டு பேர் நாங்கள். தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் மெழுகாகக் கட்டிப்போனதைப் பார்த்து, கலப்படம் என்று கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவர் சிரித்துவிட்டு, “அடுப்புப் பக்கம் வெச்சிருங்கம்மா” என்றார். உப்பு ஜாடியில் தண்ணீர் நின்றது. என் கணவர் குரங்குக் குல்லாய் ஒன்று வாங்கி, அதைக் கழற்றாமல் தூங்கினார்.

திங்கட்கிழமைகள்

ஞாயிறு முழுக்க எங்களுக்கு வேலை. அதனால் திங்கட்கிழமை எங்களுடையது. ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையை நிரப்பிய சுற்றுலாக் கூட்டம் அன்றைக்கு மலை இறங்கியிருக்கும். பசியாறிவிட்டு (எங்கள் ஊரில் காலைச் சாப்பாட்டை அப்படித்தான் சொல்வோம்) பஸ் நிலையத்துக்குப் போவோம். எந்த பஸ் முதலில் கிளம்புகிறதோ அதில் ஏறுவோம்.

ஒரு திங்கள் கிளியூர் அருவி. இறங்கும்போது சந்தோஷமாக இறங்கிவிட்டு, ஏறும்போது படிக்குப் படி உட்கார்ந்தோம். ஒரு திங்கள் நாகலூர். அங்கே சரிவு முழுக்கச் சிவப்புப் பழம். பழத்தின் தோலை உரித்துக் குவித்த இடத்திலிருந்து ஒரு புளித்த வாடை வரும். எனக்கு அது முதலில் குமட்டியது, பிறகு பிடித்துப்போனது. எங்கள் தோட்டத்தில் ரப்பர்ப் பால் உறையும் இடத்திலும் இப்படித்தான் ஒரு நாற்றம் அடிக்கும். அதற்குப் பழகிய மூக்கு இதற்கும் பழகிவிட்டது.

இந்தப் பயணங்களில் நாங்கள் இரண்டு பேர் இல்லை, மூன்று பேர். மூன்றாவது ஆள் என் கையிலிருந்த போனில் இருந்த ஞானக்கா.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். எனக்காகப் பள்ளிக்கூடத்தை விட்டவள் என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். “எனக்குப் படிப்பு ஏறல பாப்பா, நீ என்ன கதை கட்டுறே” என்பாள். கடைசிவரை என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டாள். பால் வெட்டுகிறவர்கள் விடியும் முன்பே எழுந்துவிடுவார்கள். வேலையை விட்டுப் பல வருஷமாகியும் அவளுக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. மலேசியாவில் நேரம் இங்கிருப்பதைவிட இரண்டரை மணி முன்னால். ஆகவே நாங்கள் பஸ் ஏறும்போது அவள் சமையலே முடித்துவிட்டு, போனைச் சீனி டப்பாவில் சாய்த்துவைத்து உட்கார்ந்திருப்பாள்.

“திருப்பு, திருப்பு. அந்தப் பக்கம் காட்டு. அது என்ன, பொகையா?”

“பனிக்கா.”

“ஒண்ணுமே தெரியலியே! பஸ்சு எப்படிப் போகுது?”

ஒரு நாள் மஞ்சக்குட்டைக்குப் போகிற ஜீப்புக்காக நின்றுகொண்டிருந்தோம். நல்ல குளிர். அக்கா கேட்டாள்: “வாயத் தொறந்தா பொகை வருமாமே, நெசமா? தம்பிய ஊதச் சொல்லு.”

என் கணவர் குல்லாயைத் தூக்கிவிட்டுக்கொண்டு, போனுக்கு நேராக ‘ஹா’ என்று ஊதினார். போனின் கண்ணாடியே மங்கிவிட்டது. அக்கா கைதட்டிச் சிரித்தாள். “நானும் வரேன் பாப்பா. கிறிஸ்மஸுக்கு வந்துர்றேன். நானும் ஊதிப் பாக்கணும்.” சிரிப்பு இருமலாக மாறியது. நிற்க வெகு நேரம் ஆயிற்று.

எழுபதைத் தாண்டிய பிறகு, முதல்முறையாகக் கடவுச்சீட்டு எடுத்தாள். சின்ன மகன் அழைத்துப் போயிருக்கிறான். போட்டோ எடுக்கும்போது சிரிக்கக் கூடாது என்றார்களாம். அதை அவள் எனக்கு மூன்று தடவை சொன்னாள்.

ஒரு யோசனை

என் கணவர் அந்த இருமலை மறக்கவில்லை. அக்காவுக்கு இழுப்பு உண்டு. வருஷத்துக்கு ஒருமுறையாவது படுத்துவிடுவாள். தோட்டத்தில் பல தடவை அவரே மருந்து கொடுத்திருக்கிறார்.

“இந்தக் குளிர் அவங்க நெஞ்சுக்கு ஆகாது” என்றார் சாப்பிடும்போது. “இங்க வந்து முடியாமப் போனா சேலத்துக்குத்தான் கொண்டு போகணும். அத்தனை வளைவுல இறக்குறதுக்குள்ள என்ன ஆகுமோ. ஈஸ்டர் முடிஞ்சு வரட்டும்.”

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இன்றைக்கும் அதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. நான்தான் போன் செய்து சொன்னேன்: “குளிர் போகட்டும்க்கா. வெயில் வந்ததும் வா. காப்பிப் பூ பூத்திருக்கும்.”

“டிரஸர் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றாள்.

அதன் பிறகும் திங்கட்கிழமைகளில் கூப்பிட்டோம். ஆனால் அவள் பனியைக் காட்டச் சொல்லவில்லை. என்ன குழம்பு வைத்தாய், கால் வெடிப்புக்கு என்ன தடவுகிறாய் என்று கேட்டாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது நினைத்தால் அந்தக் கேள்விகள்தான் என்னைத் தூங்கவிடுவதில்லை.

பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னால், நாகலூர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது அக்காவின் சின்ன மகன் கூப்பிட்டான். காலையில் குளித்துவிட்டு வந்தவள் நாற்காலியில் சாய்ந்திருக்கிறாள், அவ்வளவுதான். இழுப்பு இல்லை. இருதயம். அன்றைக்கு அங்கே நல்ல வெயிலாம்.

மறுநாள் மத்தியானம் அடக்கம். பண்டிகை சமயம். திருச்சியிலிருந்து போகும் விமானத்தில் இடமில்லை. சென்னை போய் ஏறினாலும் மண்ணைத்தான் பார்க்க முடியும். ஏரிக்கரையில் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் ஒரு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து, அக்காவின் அடக்கத்தைப் போனில் பார்த்தோம். பெட்டியை இறக்கும்போது படம் அப்படியே நின்றுவிட்டது. மறுபடி அசைந்தபோது எல்லோரும் கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். பின்னால் படகுத் துறையில் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்குள் அமைதி

சபையார் வந்தார்கள். வேதம் வாசித்தார்கள், ஜெபித்தார்கள், டீ குடித்தார்கள். “பரலோகத்தில் பார்ப்போம்” என்றார்கள். “ஆமாம்” என்றேன். எத்தனை வீடுகளில் நானே சொன்ன வார்த்தை அது. அதை நான் நம்புகிறேன், இப்போதும். ஆனால் எனக்கு அழுகை வரவில்லை.

என் கணவர் வெளியே போவதை நிறுத்தினார். பிரஷர் கருவி அலமாரியில் கிடந்தது. ஒரே ஒரு தடவை பேசினார்.

“நான் சொன்னதாலதானே அவங்க வரல.”

“இங்க வந்திருந்தாலும் அதேதான் நடந்திருக்கும்” என்றேன்.

“நடந்திருக்கும். ஆனா பாத்துட்டுப் போயிருப்பாங்க.”

இருவரும் ஒரே வீட்டில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டோம். அவர்மேல் எனக்குக் கோபமில்லை என்று சொல்ல வாயெடுப்பேன். முழுக்க நிஜமாக இல்லாததை எப்படிச் சொல்வது என்று நிறுத்திக்கொள்வேன்.

அப்படி இருந்த ஒரு மாலையில்தான் பழனியம்மாவும் மற்றவர்களும் ஜீப்பில் வந்து இறங்கினார்கள்.

வராந்தாவில்

நான் சொன்னதைக் கேட்டுக்கொண்ட பழனியம்மா கூந்தலை அவிழ்த்துவிட்டார். மற்றவர்களும் அவிழ்த்தார்கள். பக்கத்திலிருப்பவர் தோளில் கைபோட்டு, தலைகள் ஒன்றோடொன்று முட்டும்படி குனிந்தார்கள். என்னையும் அந்த வட்டத்துக்குள் இழுத்துக்கொண்டார்கள். பழச்சாறு, வியர்வை, ஈரச் சாக்கு எல்லாம் கலந்த வாசனை. பிறகு குரல் எழுந்தது.

*பால்மரத்துக் காட்டுக்குள்ள*
*பாத போட்டு நடந்தவளே*
*பாலா வடிச்ச கைய*
*பச்ச மண்ணு மூடிருச்சே*
*எங்கூடப் பொறந்தவளே*

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். என் கணவருக்கு ஒப்பாரி ஆகாது. எங்களுக்குக் கல்யாணமான புதிதில் என் அம்மா இறந்தபோது, தோட்டத்துப் பெண்கள் மாரடித்துப் பாட ஆரம்பித்தார்கள். முன்னால் நின்று பாடியவள் ஞானக்கா. நல்ல குரல் அவளுக்கு. இவர் அப்போது இளம் பிரசங்கி, விசுவாசத்தில் சூடாக இருந்த காலம். “நம்பிக்கையில்லாதவங்க மாதிரி அழக் கூடாது” என்று கையை உயர்த்தினார். அக்கா பாதி வரியில் நிறுத்தினாள். அதற்கப்புறம் எந்தச் சாவு வீட்டிலும் அவள் பாடி நான் கேட்கவில்லை.

ஆகவே நாற்காலி நகர்ந்து, செருப்புச் சத்தம் வாசலை நோக்கி வந்தபோது அன்றைக்கு உயர்ந்த அந்தக் கைதான் எனக்கு ஞாபகம் வந்தது.

அவர் நிலைப்படியில் வந்து நின்றார். குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். பாட்டு நின்றது. பழனியம்மா தலையை நிமிர்த்தி, முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

“ஏனுங்க ஐயா, உங்களுக்கு இது ஆகாதுங்களா? நிறுத்திக்கிறோமுங்க.”

“இல்லம்மா. பாடுங்க.”

சொல்லிவிட்டு அங்கேயே, படியில் உட்கார்ந்தார். முட்டி வலிக்காரர், தரையில் உட்கார்ந்து நான் பார்த்து எத்தனையோ வருஷம்.

பழனியம்மா மறுபடி குனிந்தார். குரல் இன்னும் கொஞ்சம் இறங்கி வந்தது.

*ஆகாசக் கப்பலேறி*
*ஆசையா வாரேன்னே*
*சேர்வராயன் மலமேல*
*சேந்து குளிர் காயலாம்னே*
*குளிரு போகட்டும்னு*
*குத்தமில்லாச் சொல்லு சொன்னோம்*
*குளிரும் போகலியே*
*கூடப் பொறந்தே, நீ போனியே*

‘சொன்னாக’ என்று பாடியிருக்கலாம். ‘சொன்னோம்’ என்று பாடினார். நான் போனில் சொன்னதையும் என் கணவர் சாப்பாட்டு மேசையில் சொன்னதையும் ஒன்றாகச் சேர்த்து, அதில் தன்னையும் சேர்த்துக்கொண்டு பாடினார்.

முதலில் உடைந்தது என் கணவர்தான். சின்னப் பையன் மாதிரி, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். “நான்தான் சொன்னேன்மா. நான்தான் வர வேணாம்னு சொன்னேன்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அதைக் கேட்டதும் பழனியம்மாவின் மடியில் விழுந்து நானும் கத்தி அழுதேன். பக்கத்து முதியோர் இல்லத்துப் பெரியவர்கள் ஜன்னலில் நின்று பார்த்திருக்கிறார்கள். எனக்கு வெட்கமே வரவில்லை.

ஓய்ந்த பிறகு பழனியம்மா அவரிடம், “ஊட்டுக்குப் பெரியவரு நீங்க. நீங்க சொல்லாம யாருங்க சொல்றது?” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, “இருந்தாலும் நொம்ப ஆசப்பட்டிருக்காங்க, பாவம்” என்றார்.

ஆறுதலுக்காக அந்த இரண்டாவது வாக்கியத்தை அவர் விழுங்கவில்லை. அதனால்தான் முதல் வாக்கியத்தை எங்களால் நம்ப முடிந்தது.

வெந்நீர் கொடுத்தேன். முகம் கழுவிக்கொண்டார்கள். துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. கூந்தலை முடிந்துகொண்டு, ஒன்றும் சொல்லாமல் ஜீப்பில் ஏறினார்கள்.

அடுத்த குளிர்

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். கொஞ்சம் சரியானது. இருவரும் அக்காவைப் பற்றிப் பேசத் தொடங்கினோம். மாசியில் திங்கட்கிழமைப் பயணமும் திரும்பத் தொடங்கியது. ஆனால் பஸ்ஸில் நான் போனை எடுக்கவில்லை. யாராவது உடம்புக்கு யோசனை கேட்டால், “டாக்டரைப் பாருங்க, நான் சொல்லக் கூடாது” என்று அவர் நழுவினார்.

அடுத்த கார்த்திகையில் என் கணவரின் தம்பி தேவா மலேசியாவிலிருந்து கூப்பிட்டார். கிறிஸ்மஸுக்கு வரலாமா என்று கேட்டார். அவருக்கும் இழுப்பு உண்டு, போதாததற்குச் சர்க்கரை வேறு. நான் என் கணவரின் முகத்தைப் பார்த்தேன்.

“வா” என்றார் அவர். “தள்ளிப் போடாத. உடனே டிக்கெட்டு எடு.”

தேவா வந்தார். காலையில் வெயில் ஏறிய பிறகுதான் வெளியே விடுவோம். நாலு மணிக்கெல்லாம் கதவைச் சாத்திவிடுவோம். அவருடைய இழுப்பு மருந்துக் குழாய் ஒன்று அவர் பையில், இன்னொன்று என் பையில். இருமினார்தான், ஆனால் படுக்கவில்லை. மிளகாய் பஜ்ஜி தின்றார், ஆரஞ்சு தின்றார், பாத்ரூம் தண்ணீரைத் திட்டினார்.

ஒரு திங்கட்கிழமை, மூவரும் மஞ்சக்குட்டை ஜீப்புக்காக நின்றோம். பனி இறங்கியது. என் கணவர் தன் கழுத்திலிருந்த மஃப்ளரை அவிழ்த்து, தம்பியின் காதையும் மூக்கையும் சேர்த்துச் சுற்றி, தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

தேவா மஃப்ளருக்குள்ளிருந்து என்னைப் பார்த்துச் சொன்னார்: “அண்ணி, நான் என்னமோன்னு பயந்துட்டு வந்தேன். இவ்வளவுதானா குளிர்?”

முடிச்சுப் போட்ட கை அப்படியே நின்றது.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். ஒரு மஃப்ளர், ஒரு மருந்துக் குழாய், நாலு மணிக்குச் சாத்துகிற ஒரு கதவு. இவ்வளவுதான் வேண்டியிருந்தது.

என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “ஆமா தேவா” என்றார். “இவ்வளவுதான்.”